பனித்தட்டின் மேல் தேங்கும் தண்ணீர்: நம் கடற்கரைத் திட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் கடற்கரைத் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கும், பொறியாளர்களுக்கும் வணக்கம்.

தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கற்சுவர்), மீன்பிடித் துறைமுக விரிவாக்கம், ஆற்றுப் பாலம், கடலோரக் குடியிருப்பு என்று எதற்குத் திட்ட அறிக்கை போட்டாலும் கடல்மட்ட உயர்வு பற்றி அதில் ஒரு பத்தி இருக்கிறது. நான் படித்தவற்றில் பெரும்பாலும் அது ஒரே ஓர் எண்தான். ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர், அதைத் திட்டத்தின் ஆயுளால் பெருக்கு, வந்த விடையை அலை உயரத்தோடு கூட்டு, அடுத்த பத்திக்குப் போ. பெருக்கலில் பிழை இருக்காது. ஆனால் கடல் இதுவரை உயர்ந்த மாதிரியேதான் இனியும் உயரும் என்ற நம்பிக்கை அந்தப் பெருக்கலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை நம்பி ஊர்களை வைக்க முடியாது என்று சொல்லத்தான் இந்த மடல். அதற்கான காரணம் அண்டார்டிகாவில், நிலத்துப் பனியின் தொடர்ச்சியாகக் கடலுக்குள் நீண்டு மிதக்கும் பனித்தட்டுகளின் மேற்பரப்பில் கோடையில் தேங்கி நிற்கும் தண்ணீரில் இருக்கிறது.

நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்குச் செயற்கைக்கோள் படங்களைப் படிக்கச் சொல்லித் தருவது என் தொழில். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் வகுப்புக்கு நான் முதலில் கொடுப்பது அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டின் படங்களை. யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்களும் ஒரு முறை பொறுமையாகப் பாருங்கள். நாசாவின் டெரா செயற்கைக்கோள் எடுத்தவை.

முதல் படம் 2002 ஜனவரி 31. வெள்ளைத் தட்டின் மேல் கருநீலக் கீற்றுகள், ஒன்றுக்கொன்று இணையாக, கோடு கோடாக. அவை உருகிய நீர் தேங்கிய ஏரிகள். அண்டார்டிகத் தீபகற்பத்தில் அது வெப்பம் மிகுந்த கோடை. பிப்ரவரி 17 படத்தில் தட்டின் முகப்பை ஒட்டிய ஏரிகள் காணாமல் போயிருக்கின்றன. உறையவில்லை, வடிந்துவிட்டன. பிப்ரவரி 23இல் முகப்பு நொறுங்கத் தொடங்கியிருக்கிறது. மார்ச் முதல் வாரப் படத்தில் தட்டு இருந்த இடத்தில் வெளிர்நீலத் தூள் கடலுக்குள் விசிறிக் கிடக்கிறது. மாணவர்கள் அந்த நீலத்தைக் கடல் நீர் என்றுதான் முதலில் சொல்வார்கள். அது நீரில்லை. உடைந்த துண்டுகள் செங்குத்தாக நிற்க முடியாமல் கவிழ்ந்து, உள்ளே இருந்த நீலப் பனிக்கட்டி வெளியே தெரிகிறது. சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு, 200 மீட்டருக்கு மேல் தடிமன், ஐந்து வாரங்களில் முடிந்தது. கடலடிச் சேற்றை ஆராய்ந்தவர்கள் அந்தத் தட்டு அதற்கு முன் 10,000 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தது என்று கண்டார்கள். ஏரிகள் படர்ந்திருந்த பரப்பே பெரும்பாலும் உடைந்தது. ஏரிகள் இல்லாத தென்கோடி நின்றது. என் மாணவர்கள் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு அவர்களே இதைச் சொல்லிவிடுகிறார்கள்.

மேலே நிற்கும் தண்ணீருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? பதில் பிளஸ் ஒன் இயற்பியலில் இருக்கிறது. பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ; நன்னீரின் அடர்த்தி 1,000 கிலோ. பனித்தட்டில் எப்போதும் விரிசல்கள் உண்டு. விரிசல் வெறுமையாக இருந்தால், ஆழம் போகப் போக இருபுறத்துப் பனியின் எடை அதை நெருக்கி மூடிவிடும். அதனால் அது சில பத்து மீட்டர்களோடு நின்றுவிடும். அதே விரிசலில் தண்ணீர் நிரம்பினால் கணக்கு மாறுகிறது. 100 மீட்டர் ஆழத்தில், மூட நினைக்கும் பனியின் அழுத்தத்தைவிடத் திறக்க நினைக்கும் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 8 டன்னுக்கு மேல் கூடுதல். கீழே போகப் போக இந்த வித்தியாசம் கூடுமே தவிரக் குறையாது. மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் வரை விரிசல் நிற்காது. தட்டின் அடிவரை போய்க் கடலைத் தொடும். ஆகவே உருகும் அளவைவிட, உருகிய நீர் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

இதற்கு எடுத்துக்காட்டாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்கு அண்டார்டிகாவின் ஆமெரி பனித்தட்டில் 2019 ஜூனில், அங்கே நடுக்குளிர்காலத்தில், மேலே பனி மூடியிருந்த ஓர் ஏரி சில நாட்களுக்குள் வடிந்து மறைந்தது. அந்த இடத்தில் தட்டின் தடிமன் சுமார் 1,400 மீட்டர். அத்தனையையும் பிளந்துகொண்டு 60 கோடி முதல் 75 கோடி கன மீட்டர் நீர் கடலுக்குப் போனது. நம் மாவட்டத்து வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 4.15 கோடி கன மீட்டர். பதினான்கு வீராணத்துக்குக் குறையாத நீர் அது. ஆமெரி உடையவில்லை, இன்றும் நிற்கிறது. ஆனால் தடிமன் ஒன்றே காவல் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பனித்தட்டு எப்போது ஏரி கட்டத் தொடங்குகிறது என்பதும் முக்கியம். நல்ல நிலையில் உள்ள தட்டின் மேல் பல மீட்டர் ஆழத்துக்குப் பழைய பனி இறுகிக் கிடக்கும். அதற்குள் நிறையக் காற்றிடம் இருக்கும். கோடையில் உருகும் நீர் அதற்குள் இறங்கி, உறைந்து, அங்கேயே தங்கிவிடும். ஆண்டுக்கு ஆண்டு அப்படி உறைந்தால் காற்றிடம் தீர்ந்துபோகும். அதன்பிறகு உருகுவதெல்லாம் மேலேதான் நிற்க வேண்டும். நின்ற நீர் கருமையானது, புதுப் பனி திருப்பி அனுப்பும் வெயிலை அது உறிஞ்சிக்கொள்ளும், இன்னும் உருகும். அந்தக் காற்றிடம் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பத்தாண்டுகள் அமைதியாக இருந்த தட்டு பதினோராம் ஆண்டும் அமைதியாக இருக்கும் என்று நேர்கோடு போட முடியாததற்கு இதுவே காரணம்.

தீபகற்பத்தில் இதைத் துரிதப்படுத்தும் ஒரு காற்றும் இருக்கிறது. மேற்கிலிருந்து மலைத்தொடரில் ஏறி, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறி வறண்டு வீசும் காற்று. ஆனி மாதத்தில் கடற்காற்று வரும்வரை நம்மைச் சுட்டெரிக்கும் மேல்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வருவதும் இதே விதிப்படிதான். லார்சன் தட்டுகள் அந்த மலையின் கிழக்கே, காற்று இறங்கும் பக்கத்தில் இருக்கின்றன.

ஓர் ஏரி வடிந்தால் அது அடுத்த ஏரியையும் இழுக்கிறது. தண்ணீரின் பாரத்தில் தட்டு கீழே வளைந்திருக்கும். நீர் வடிந்ததும் மேலே எழும்பும். அந்த வளைவும் எழும்பலும் ஏரியைச் சுற்றி வட்ட வட்டமாகப் புது விரிசல்களை உண்டாக்கும். பக்கத்து ஏரி அந்த விரிசலில் வடியும். லார்சன் பி-யின் மேல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. அவை தொடர்ச்சியாக வடிந்ததுதான் தட்டை அவ்வளவு வேகமாகப் பொடியாக்கியது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஏரி நிரம்பி வடியும்போது தட்டு வளைவதை மெக்மர்டோ பனித்தட்டில் கருவி வைத்து அளந்தும் இருக்கிறார்கள்.

மிதக்கும் பனி உடைந்தால் கடல் உயராதே என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். சரியான கேள்வி. தட்டு ஏற்கெனவே கடலில் மிதப்பதால் அது உடைவதால் மட்டும் மட்டம் ஏறக்குறைய மாறாது. ஆனால் தட்டு இரு பக்கக் கரைகளிலும் கடலடி மேடுகளிலும் உரசி நின்று, நிலத்திலிருந்து இறங்கும் பனியாறுகளுக்கு முட்டுக் கொடுக்கிறது. லார்சன் பி போனபின் அதற்குப் பின்னால் இருந்த ஹெக்டோரியா, கிரீன், இவான்ஸ், கிரேன் பனியாறுகள் இரண்டு முதல் எட்டு மடங்குவரை வேகமெடுத்தன. உடையாமல் மிஞ்சிய துண்டுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்க், லெப்பர்டு பனியாறுகள் அப்போது அப்படி ஓடவில்லை. முட்டு இருந்த பக்கம் நின்றது, இல்லாத பக்கம் ஓடியது. இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகத்திலும் நடத்த முடியாது. நிலத்திலிருந்து அப்படிக் கடலுக்கு வரும் பனிதான் மட்டத்தை உயர்த்துகிறது.

இதை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. தண்ணீர் நின்ற தட்டெல்லாம் உடைவதில்லை. நான்சென் பனித்தட்டில் உருகுநீர் ஓர் ஆறாக ஓடி, முகப்பில் 130 மீட்டர் அகல அருவியாகக் கடலில் விழுந்துவிடுகிறது. அதனால் பாரம் ஏறுவதில்லை. மேற்கு அண்டார்டிகாவில் இன்று நடக்கும் இழப்புக்குப் பெரிய காரணம் மேலே நிற்கும் நீரில்லை, அடியில் வந்து அரிக்கும் வெதுவெதுப்பான கடல்நீர். ஆனால் கண்டம் சூடாகச் சூடாக மேல்நீரின் பங்கு கூடும். 2017 ஜனவரியில் கிழக்கு அண்டார்டிகாவில் மட்டும் 65,000க்கு மேற்பட்ட ஏரிகள் எண்ணப்பட்டன. 2020இல் வந்த ஓர் ஆய்வு, பனித்தட்டுப் பரப்பில் சுமார் 60 விழுக்காடு இரண்டு இயல்புகளையும் ஒருசேரக் கொண்டது என்றது: பின்னால் உள்ள பனிக்கு முட்டுக் கொடுக்கிறது, மேலே நீர் நிரம்பினால் பிளக்கவும் கூடும். 2024இல் வந்த கேம்பிரிட்ஜ் குழுவின் ஆய்வு, கோடை உச்சத்தில் தட்டுகளின் மேலுள்ள உருகுநீரில் 57 விழுக்காடு ஏரிகளாக இல்லாமல் பனியோடு கலந்த கூழாக இருக்கிறது என்று காட்டியது. ஏரிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எங்களைப் போன்ற படம் படிப்பவர்களுக்கு அது பெரிய செய்தி. கூழையும் ஏரியையும் சேர்த்து அவை உறிஞ்சும் வெயிலைக் கணக்கிட்டால், வழக்கமான காலநிலை மாதிரிகள் சொல்வதைவிட 2.8 மடங்கு உருகுநீர் உண்டாகிறது.

இது நமக்கு அந்நிய நிலமும் இல்லை. அங்கேயுள்ள இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே நிவ்லிசென் பனித்தட்டு இருக்கிறது. அதன் மேலும் கோடையில் நீர் தேங்குகிறது. 2012 முதல் இயங்கும் பாரதி நிலையம் இருக்கும் பிரிட்ஸ் விரிகுடாவில்தான் ஆமெரி வந்து முடிகிறது. கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நம் வரிப்பணத்தில் அங்கே ஆள் அனுப்பி அளக்கிறது. அந்த அளவுகளுக்கும் கடலூரில் போடப்படும் ஒரு பாலத்தின் அடித்தள மட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று இரு தரப்பும் ஒரே மேசையில் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது நடக்க வேண்டும்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் ஆறாவது மதிப்பீட்டில் இது எண்ணாகவே இருக்கிறது. 2100க்குள் உலகச் சராசரிக் கடல்மட்டம், உமிழ்வை மிகக் குறைத்தால் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக அதிகமாக விட்டால் 0.63 முதல் 1.01 மீட்டர் உயர வாய்ப்பு என்கிறது. அதோடு, பனி சிதைவது பற்றிய அறிவில் உள்ள இடைவெளியால், அதிக உமிழ்வில் 2 மீட்டரை நெருங்குவதையும் ஒதுக்கிவிட முடியாது என்றும் சொல்கிறது. திட்ட அறிக்கைகள் முதல் வாக்கியத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. இரண்டாவதில் இருப்பதுதான் பனித்தட்டு. இன்னொன்று: அண்டார்டிகாவின் பனி குறையும்போது தன்னைச் சுற்றியுள்ள கடலை ஈர்க்கும் அதன் ஈர்ப்பும் குறைகிறது. அதனால் அங்கே மட்டம் தாழ்ந்து, தொலைவில் உள்ள நம் போன்ற கரைகளில் சராசரியைவிடச் சற்று அதிகமாகவே உயரும். தொலைவு நமக்குப் பாதுகாப்பு தரவில்லை, பாதகமே செய்கிறது.

நம் கரையின் தன்மையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பௌர்ணமி, அமாவாசை நாளிலும் சுமார் ஒரு மீட்டருக்குள்தான் வித்தியாசம். அந்த நம்பிக்கையில் வீடும் வலைக்கூடமும் ஐஸ் பிளாண்டும் கடலை ஒட்டியே கட்டியிருக்கிறோம். மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், இன்றைய உச்ச ஏற்றத்தின் கோடு அன்றைய வற்றத்தின் கோடாகிவிடும். ஆண்டு முழுதும் கடல்மட்டம் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. வங்கக் கடலின் இந்தப் பக்கத்தில் அது உச்சத்தில் இருப்பது ஐப்பசி, கார்த்திகையில். பெண்ணையாறும் கெடிலமும் பரவனாறும் வெள்ளம் கொண்டுவருவதும் அதே மாதங்களில். கடல் வாங்கினால்தான் ஆறு வடியும் என்பதை முகத்துவாரத்தில் வாழ்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் கொட்டிய மழையையும், அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாற்றில் வந்த வெள்ளத்தையும் நீங்கள் நின்று சமாளித்தீர்கள். அதே மழை, அதே திறப்பு, கடல் அரை மீட்டர் உயரத்தில் நின்றிருந்தால் தாழங்குடாவிலும் சிங்காரத்தோப்பிலும் தண்ணீர் எத்தனை நாள் கூடுதலாக நின்றிருக்கும் என்று கணக்கிட உங்களிடமே தரவுகள் இருக்கின்றன. யாராவது ஒருவர் அதைக் கணக்கிட்டு வெளியிடுங்கள்.

கல் கொட்டுவதில் நமக்கு அனுபவம் அதிகம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் வந்தபின், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் மறிபட்டது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் முன்னால் மணல் போய்க் கருங்கல் வந்தது. அரிப்பு வடக்கே நகர்ந்து சோலை நகர், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராகப் போனது. பிறகு 2018 வாக்கில் தலைமைச் செயலகத்தின் எதிரே நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து ஒரு பகுதியில் மணலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்ல வேலை, அதில் உழைத்தவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அது மணலுக்கான மருந்து. மட்டம் உயர்வதற்கு அதில் மருந்தில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் இல்லை. திட்டங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். பிற்பாடு உயர்த்தக்கூடியவை ஒருவகை: தூண்டில் வளைவு, கற்சுவர், மீன் இறங்குதளத்தின் மேடை. இவற்றுக்கு நடுத்தர எண்ணை வைத்துக் கட்டலாம். பின்னால் கல் ஏற்ற இடம்விட்டு, அடித்தளத்தை மட்டும் அகலமாகப் போட்டால் போதும். ஒருமுறை வைத்துவிட்டால் நகர்த்த முடியாதவை இன்னொரு வகை: குடியிருப்புக்கான இடம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், மருத்துவமனை, புயல் பாதுகாப்பு மையம், பாலத்தின் அடிமட்டம், வடிகால் கடலில் சேரும் மட்டம். இவற்றுக்கு மேல் எல்லை எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த குடியிருப்புகளில் இன்று இரண்டாம் தலைமுறை வளர்கிறது. இடம் தேர்வு என்பது அவ்வளவு நீண்ட காலத்துக்கு நிற்கும் முடிவு. பனித்தட்டு உடைவதற்கு ஐந்து வாரம் போதும். அதன் விளைவு நம் கரையில் தெரியப் பத்தாண்டுகள் ஆகலாம். ஒரு ஊரை இடம் மாற்ற அதைவிடவும் கூடுதல் காலம் ஆகும்.

கடல் வெள்ளமும் அரிப்பும் எட்டக்கூடிய எல்லையைக் காட்டும் ஆபத்துக் கோடு பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியக் கடற்கரைக்கு அந்தக் கோடு வரையப்பட்டிருக்கிறது. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அதைப் பேரிடர் மேலாண்மைக்கான கருவியாக மட்டும் வைத்தது. கட்டட அனுமதியை அது தடுக்காது. அதே அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் கட்டுமானம் கூடாத பட்டையை உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியும் விட்டது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக நீங்கள் பார்க்கக் கூடாது என்று பொருளில்லை. உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு அனுமதிக் கோப்பிலும் அந்தக் கோடு எங்கே போகிறது என்று தமிழில் ஒரு வரி எழுதச் சொல்ல உங்களால் முடியும். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் மீனவப் பஞ்சாயத்தார் கையில் தமிழ் வரைபடமாக அதைக் கொடுக்கவும் முடியும். எங்கே படகை ஏற்றுவது, எங்கே பேரப்பிள்ளைக்கு வீடு கட்டுவது என்று முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான்.

உப்பங்கழிக்கும் பிச்சாவரம் அலையாத்திக்கும் பின்னால் மேட்டுப் பக்கம் வெற்றிடம் விட்டு வையுங்கள். மட்டம் உயர்ந்தால் அவை உள்ளே நகர்ந்துதான் பிழைக்கும். அங்கே சாலையும் மதிற்சுவரும் வந்துவிட்டால் நகர இடமில்லாமல் இருக்கும் இடத்திலேயே மூழ்கும். இரண்டு நிர்வாகங்கள், ஒரே கரை என்பதையும் நினைவில் வையுங்கள். புதுச்சேரி ஓர் எண்ணையும் கடலூர் வேறோர் எண்ணையும் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால், நடுவில் இருக்கும் ஊர்கள் இரண்டு பக்கத்து அரிப்பையும் வாங்கும். ஒரே எண், ஒரே வரம்பு, ஐபிசிசி புது அறிக்கை வரும் ஒவ்வொரு முறையும் மறுஆய்வு என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். மாவட்டக் காலநிலை இயக்கத்துக்கு ஆட்சியரே தலைமை தாங்குவதால், கடலூர்ப் பக்கம் இதைத் தொடங்கப் புதுக் குழு எதுவும் தேவையில்லை.

பனித்தட்டுகளின் எதிர்காலம் உறுதியாகத் தெரியாதபோது மேல் எல்லைக்குச் செலவு செய்வதா என்ற தயக்கம் உங்களுக்கு வரலாம். பாலம் கட்டும்போது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு நீங்கள் திட்டமிடுகிறீர்கள். அந்த வெள்ளம் எந்த ஆண்டு வரும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியாததால்தான் திட்டமிடுகிறீர்கள். அதே முறையைக் கடலுக்கும் வையுங்கள். இதில் கூடுதல் செலவு பெரும்பாலும் இடம் தேர்வில்தான் வரும். கல்லிலும் கான்கிரீட்டிலும் அவ்வளவு வராது.

ஐப்பசி மழைக்கு முந்தைய உங்கள் ஆய்வுக் கூட்டத்தில் அரை மணி நேரம் தாருங்கள். லார்சன் பி படங்களையும், ஆமெரி ஏரி வடிந்த இடத்தின் படங்களையும், அதே அளவில் நம் முகத்துவாரங்களின் படங்களையும் என் மாணவர்களோடு வந்து காட்டுகிறேன். அடுத்து ஒப்புதலுக்கு வரவிருக்கும் திட்ட அறிக்கை ஒன்றை அங்கேயே எடுத்து, அதன் கடல்மட்டப் பத்தியை இரண்டு எண்களோடு சேர்ந்தே திருத்தி எழுதலாம்.

அன்புடன்,
ஒரு தொலையுணர்வு ஆசிரியர்,
கடலூர் முதுநகர்